பவளம் தெரிந்தெடுத்த ஆறு முட்டைகள்

எங்கள் வீட்டில் யாரும் முட்டை சாப்பிடுவதில்லை. யாரும் என்றால் இரண்டே பேர்தான், நானும் என் மனைவி பவளமும். இரண்டு பக்கமும் தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம். அறுபத்தொன்பதாம் ஆண்டு சிட்னிக்கு வேலைக்கு வந்தபோது, விமானத்தில் தந்த கேக்கில் முட்டை இருக்கும் என்று அதைத் தொடாமலே வந்திறங்கியவன் நான். அப்படிப்பட்டவனுடைய வீட்டுப் பின்வளவில் ஆறு சிவப்புக் கோழிகள் நின்று கொக்கரித்தன என்றால், அதற்கு முழுப்பொறுப்பும் பவளம்தான்.

நாங்கள் குடியிருந்த சிட்னிப் புறநகர் லிட்கம்மில் அப்போது தமிழர் என்று சொல்ல நாங்களும், இரண்டு தெரு தள்ளி ஆனந்தராஜா குடும்பமும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காலை ஏழரைக்குப் பொதுவேலைத் திணைக்களத்துக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். அவ்வளவு நேரமும் அவள் அந்தப் பலகை வீட்டுக்குள் தனியே கிடந்து என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு மிஸிஸ் கிளீசன் வேலிக்கு மேலால் ஒரு பெட்டியில் ஆறு குஞ்சுகளை நீட்ட, இவள் வாங்கிவிட்டாள். அன்று பின்னேரம் நான் போட்ட சத்தம் மிஸிஸ் கிளீசனுக்கும் கேட்டிருக்கும்.

"முட்டை தின்னாத வீட்டில கோழி என்னத்துக்கு?" என்றேன்.

"பேச்சுத் துணைக்கு" என்றாள் பவளம்.

நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் பத்திரிகையை விரித்தேன். ஒரு சட்டம் மட்டும் போட்டேன். முட்டை குசினிக்குள் வரக்கூடாது. அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. வீட்டுக்கு வெளியே பின்பக்கம் இருந்த உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பலகைத் தட்டு அடித்து, அதில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்து, உள்ளே பஞ்சு பரப்பி, அங்கேதான் முட்டைகளை வைத்தாள். தெருவில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் முட்டையின் ருசியைப் புகழ்ந்தால், தான் ஒரு நாளும் தின்று பாராத அந்த ருசிக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பாள்.

பிறகுதான் இந்தக் கோழிக் கண்காட்சிப் பைத்தியம் பிடித்தது. குளிர்காலம் வந்தால் வட்டாரத்துக்கு வட்டாரம் கோழிச் சங்கங்கள் மண்டபம் பிடித்துக் கண்காட்சி வைப்பார்கள். சேவல், கோழி, வாத்து எல்லாம் கூண்டுகளில் வரும். ஓர் ஓரமாக ஒரு நீள மேசையில் முட்டைப் போட்டி. அதில் மண்ணிற முட்டை ஆறு என்று ஒரு பிரிவு. ஆறும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவமாக இருக்கவேண்டும். முதல் பரிசுக்கு நீல அட்டை, இரண்டாவதுக்குச் சிவப்பு அட்டை. அட்டையில் பெயர் எழுதித் தட்டின் முன்னால் நிறுத்துவார்கள். நாள் முழுவதும் நிற்கும்.

பவளம் மூன்று வருடம் தொடர்ந்து சிவப்பு அட்டை வாங்கினாள். மூன்றையும் உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் குத்தி வைத்திருந்தாள். "மிஸிஸ் பி. தேவராஜா" என்று யாரோ ஒரு வெள்ளைக்காரன் முத்து முத்தாக எழுதியிருந்தான். அந்த ஊரில் அவளுடைய பெயரை எழுதி வைத்திருந்த இடம் அது ஒன்றுதான். வீட்டுப் பத்திரத்தில்கூட என் பெயர்தான் இருந்தது.

"ஒரு நீலம் எடுத்துப் போட்டனெண்டால் காணும், பிறகு விட்டிடுவன்" என்பாள்.

"இரண்டாம்பிள்ளை எப்பவும் இரண்டாம்பிள்ளைதான்" என்பேன். வகுப்பில் எப்போதும் முதலாம்பிள்ளையாக வந்தவன் நான். அந்தக் கொழுப்பு.

ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள். "இஞ்சாருங்கோ, இந்த முறை ஒருக்கா வாருங்கோவன். வந்து பார்த்திட்டு உடனை போயிடலாம்." சனிக்கிழமை. எனக்கு வேலை இல்லாத நாள். சாய்வுக் கதிரையில் கிடந்து பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுகிற நாள். "கோழிப்பீ மணக்கிற இடத்துக்கு என்னைக் கூப்பிடாதையும்" என்பேன். அவள் சேலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, தகரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படலையைத் திறந்து போவாள். சாய்வுக் கதிரையில் இருந்தபடியே யன்னலால் பார்ப்பேன். அந்தக் கதிரையைப் பிறகு ஒரு நாள் கோடாலியால் கொத்தி எரித்தேன். அது பிற்பாடு.

எழுபத்தாறாம் ஆண்டு ஜூன் பன்னிரண்டாம் திகதி லிட்கம் கண்காட்சி. அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே அவள் தெரிவு தொடங்கிவிட்டது. குளிருக்குக் கோழிகள் முட்டையைக் குறைக்கும். கிடைக்கிற மூன்று நான்கில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். ஒவ்வொன்றையும் என்னுடைய தபால் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்ப்பாள். யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தண்ணீர் படக்கூடாதாம், பட்டால் ஓட்டில் இருக்கிற மினுக்கம் போய்விடுமாம். என் பழைய வேட்டித் துண்டால் ஒற்றித்தான் துடைப்பாள். புதன்கிழமை, ஒன்பதாம் திகதி, ஆறாவது முட்டையும் சேர்ந்துவிட்டது. தகரத்தைத் தூக்கிக்கொண்டு குசினி வாசல் வரை வந்து, என் சட்டத்தை மதித்து வாசலுக்கு வெளியிலேயே நின்று காட்டினாள்.

"பாருங்கோ. ஒரு தாய் ஒரே நேரத்தில பெத்த மாதிரி இல்லையே?"

உண்மையில் அப்படித்தான் இருந்தன. ஆறும் காய்ச்சின பனங்கட்டி நிறம். நான் "ம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

மறுநாள் காலை அவள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்ததை மிஸிஸ் கிளீசன்தான் கண்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் வயர்களைப் பூட்டினார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அபாயம் தாண்டிவிட்டது போலத்தான் இருக்கிறது, ஆனாலும் கவனமாக இருக்கவேண்டும் என்றார். எனக்கு "தாண்டிவிட்டது" என்பது மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் நன்றாகக் கதைத்தாள். கஞ்சி குடித்தாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சாருங்கோ. நாளைக்கு ஒன்பது மணிக்கு முதல் மண்டபத்தில குடுக்கவேணும். அந்த ஆறையும் கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ. போம் எல்லாம் நிரப்பி அனுப்பியாச்சு, என்ர பேர் பன்னிரண்டாம் தட்டில இருக்கும். கூர்ப்பக்கம் உள்ளுக்குப் பார்க்க அடுக்கவேணும். தண்ணி படாமல்."

எனக்கு இரண்டு நாள் பயம், நித்திரை இல்லை, பசி. எல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது. எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். துக்கம் வந்தாலும் அப்படித்தான்.

"உமக்கு விசரே? நெஞ்சில வயரைக் கொழுவிக்கொண்டு கிடக்கிறீர், கதை முழுக்க முட்டை! நான் ஒரு சைவக்காரன், முட்டைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாப் போறதே? வெட்கக்கேடு."

பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். பவளம் என் சட்டைக் கையை விட்டாள்.

"சரி, விடுங்கோ" என்றாள். "கோபப்படாதேங்கோ."

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கிற நேரம் இரண்டு மணிக்குத்தான். அதுவரை எனக்கு ஒரு வேலையும் இல்லை. கண்காட்சி மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. காலை எட்டு மணிக்குத் தேநீர் ஊற்றிக் குடித்தேன். எட்டரைக்கு யன்னலால் பார்த்தேன், யாரோ ஒரு மனிதர் சேவல் கூண்டைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஒன்பது மணிக்குக் குறுக்கெழுத்தில் பாதி முடித்துவிட்டேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்றுவரைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை என்னால் எந்தப் பக்கமாகவும் கடக்க முடியவில்லை.

இரண்டு மணிக்குப் போனேன். அவள் முட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். "கோழியளுக்குத் தண்ணி வைச்சனீங்களே?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றேன். வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போய் வைத்தேன். அவள் கேட்டு நான் செய்த கடைசிக் காரியம் அதுதான், அதையும் பொய் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது.

ரூக்வுட் சுடலையில் எரித்தோம். நமது முறைப்படி செய்ய ஐயர் இல்லை. ஆனந்தராஜா தேவாரம் பாடினார், அவருக்குத் தெரிந்த மட்டும் சடங்கு செய்வித்தார். முப்பத்தோராம் நாள் வரைக்கும் விளக்கு அணையாமல் எரியவேண்டும் என்றார். முன்னறையில் அவளுடைய படத்தை வைத்து, முன்னால் தேங்காய் எண்ணெய் விளக்கை ஏற்றினேன். குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பொன்றும் பக்கத்தில் எரிந்தது.

எட்டாம் நாள்தான் உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போனேன். தட்டில் தகரம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்தேன். பஞ்சில் ஆறு குழி, ஆறு முட்டை. பக்கத்தில் வேட்டித் துண்டு, நாலாக மடித்தபடி. நான் தரையில் குந்தியிருந்து அழுதேன், வாய்விட்டு, மூக்கொழுக, மிஸிஸ் கிளீசன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். பிறகு தகரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ளால் நடந்து போய், அவளுடைய படத்தின் முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்தது அன்றுதான் முதல் தடவை.

"அது என்ன அண்ணை, தகரம்?" என்று ஆனந்தராஜாவின் மனைவி கமலினி கேட்டார்.

"பவளத்தின்ர சாமான்" என்றேன். 

அடுத்த கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது, அவளுடைய பெயருக்கு. அவள் வருடா வருடம் போகிற கிரான்வில் பக்கத்துக் கோழிச் சங்கம் ஜூலை பதினேழாம் திகதி கண்காட்சி வைக்கிறதாம். ஒரு பக்கத்தில் விண்ணப்பம். கடைசி வரியில், விதிகள் சென்ற ஆண்டுப் புத்தகத்தில் உள்ளபடி என்று இருந்தது. நான் இருபத்தைந்து வருட என்ஜினியர். ஒரு பாலத்துக்குக் கையெழுத்து வைக்கிறதென்றால் நிபந்தனைகளை மூன்று தடவை வாசிப்பவன். அந்தப் புத்தகம் எங்கே என்று தேடக்கூட இல்லை. பெயர்: மிஸிஸ் பி. தேவராஜா. பிரிவு: மண்ணிற முட்டை, ஆறு. எழுதி, ஒட்டி, அன்றே அனுப்பினேன்.

கோழிகள் முட்டை இட்டுக்கொண்டுதான் இருந்தன. தீவனம் போடுவேன், தண்ணீர் வைப்பேன், கூட்டில் கிடக்கிற முட்டையை ஒரு கடதாசிப் பையில் எடுத்து மிஸிஸ் கிளீசனின் படியில் வைத்துவிட்டு வருவேன். அவற்றைப் போட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. ஏன் தோன்றவேண்டும்? அவள் "அந்த ஆறையும்" என்றுதான் சொன்னாள். அவள் தராசில் வைத்து, வெளிச்சத்தில் பார்த்து, கையால் துடைத்து எடுத்தவை அவைதான். மற்றவை வெறும் முட்டை.

இதை வாசிக்கிறவர்கள் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். முட்டை தின்கிற வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாது. கொங்கிறீற் எத்தனை நாளில் இறுகும் என்று கேளுங்கள், சொல்வேன். என் வாழ்நாளில் நான் ஒரு முட்டையை உடைத்ததில்லை, உடைத்ததைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் மக்குப் பையன்களைக் கூழ்முட்டை என்று திட்டியிருக்கிறேன். அது அடைக்கு வைத்துப் பொரிக்காமல் போன முட்டை என்றுதான் நினைத்திருந்தேன். மற்றபடி முட்டை என்றால் கடவுள் அடைத்துவிட்ட தகரம், ஓடு வெடிக்காதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இவ்வளவுதான் என் அறிவு. போட்டியும் ஓட்டுக்குத்தானே என்று நினைத்தேன். அவள் பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம் ஓட்டைத்தானே.

முப்பத்தோராம் நாள் ஜூலை பதின்மூன்று. அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வீடு கழுவி, விளக்கை எடுத்தோம். பதினேழாம் திகதி சனிக்கிழமை காலை நான் முழுகி, விபூதி பூசி, அலுவலகத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, தகரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ரெயிலேறினேன். ஒரு குலுக்கல் படவிடவில்லை. மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். "முட்டை. என்னுடைய மனைவியின் முட்டை" என்றேன், ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. ஒரு வெட்கமும் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் எங்கிருந்து வந்ததோ அந்த வெட்கம்.

அது ஒரு தேவாலய மண்டபம். சேவல்கள் கூவிய கூவலில் காது அடைத்தது. மரத்தூளும் கோழியும் சேர்ந்து மணத்தன. நான் நினைத்த அளவுக்கு மோசமான மணம் இல்லை. முட்டை மேசையில் ஒன்பது தட்டுகள், ஒவ்வொன்றிலும் தவிடு பரப்பியிருந்தது. நாலாம் தட்டில் அவளுடைய பெயர். கூர்ப்பக்கம் உள்ளுக்குப் பார்க்க ஆறையும் அடுக்கினேன். வேட்டித் துண்டால் ஒற்றினேன். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் குனிந்து பார்த்துவிட்டு மெல்ல விசிலடித்தார்.

பத்து மணிக்குக் கயிறு கட்டி எங்களை இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். நடுவர் வந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட உயரமான கிழவர். ஒவ்வொரு தட்டாகப் போய், முட்டையை எடுத்து உருட்டி, விரல் நுனியால் தடவி, தள்ளி நின்று ஆறையும் ஒன்றாகப் பார்த்தார். பவளமும் இப்படித்தான் பார்ப்பாள். ஐந்து தட்டுகளை ஒதுக்கினார். பிறகு இரண்டு. கடைசியில் நாலாம் தட்டும் ஏழாம் தட்டும் மிஞ்சின. நெடுநேரம் நின்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து நீல அட்டையை எடுத்து நாலாம் தட்டில் சாய்த்து வைத்தார்.

"பவளம்" என்றேன். சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வருடம் கேட்டாள். இந்தா எடுத்தாயிற்று. கொண்டுபோய்ப் படத்தின் முன்னால் வைத்து, நான் கொண்டுபோனேன், நான்தான் கொண்டுபோனேன் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஐந்து கிழமை உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்போது நடுவரின் உதவியாளர் இரண்டு வெள்ளைக் கோப்பைத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். நடுவர் ஏழாம் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, கத்தியின் பின்பக்கத்தால் தட்டி, ஒரு கோப்பைத் தட்டில் ஊற்றினார். மஞ்சள் உருண்டு திரண்டு நடுவில் நின்றது. தலையாட்டினார். பிறகு நாலாம் தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

"ஐயோ, உடையாதேங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அந்த மண்டபத்தில் அதை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார், கையில் அவளுடைய முட்டையோடு. பிறகு தட்டினார்.

தண்ணீர் மாதிரிக் கொட்டியது. வெள்ளைக்கரு என்று ஒன்று இல்லை. மஞ்சள் கலைந்து, ஊத்தை நிறமாகப் பரவி, தட்டின் விளிம்பு தாண்டி மேசையில் வழிந்தது. பிறகு அந்த மணம் வந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். ஒரு பையன் சிரித்தான், அவனுடைய தாய் அவனை அடக்கினாள். உதவியாளர் அவசரமாகத் தட்டைத் துணியால் மூடி வெளியே கொண்டுபோனார். நடுவர் நீல அட்டையை எடுத்து ஏழாம் தட்டில் வைத்தார். அவளுடைய தட்டின் முன்னால் ஒரு வெள்ளைத் துண்டை வைத்தார். மிஸிஸ் பி. தேவராஜா என்ற பெயருக்குக் கீழே, "பழையது. தகுதியில்லை" என்று எழுதியிருந்தது.

கூட்டம் கலைந்தபிறகும் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நடுவர்தான் என்னிடம் வந்தார்.

"இவை உங்களுடையவையா? எத்தனை நாள் முட்டை?"

"ஆறாவது முட்டைக்கு முப்பத்தெட்டு நாள்" என்றேன். "மற்றவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் கூட இருக்கும்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் கோழிகள் இப்போது முட்டை இடுவதில்லையா?"

"இன்று காலையும் நாலு இட்டன. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்." அவர் விளங்காமல் பார்த்தார். "இவை என் மனைவி தெரிந்தெடுத்தவை. கொண்டுபோய்க் கொடு என்றாள். ஜூன் மாதம். அவள் இறந்துவிட்டாள்."

அவர் வெள்ளைக் கோட்டின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"லிட்கம் கண்காட்சிக்கும் நான்தான் நடுவர்" என்றார். "பன்னிரண்டாம் தட்டு வெறுமையாக இருந்தது. மிஸிஸ் தேவராஜா ஒருபோதும் வராமல் விடமாட்டார் என்று சொன்னார்கள், கால் மணித்தியாலம் பார்த்திருந்தோம்." மிஞ்சிய ஐந்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "முப்பது வருடமாக முட்டை பார்க்கிறேன். இப்படி ஓர் ஆறு பார்த்ததில்லை. அன்றைக்கு இவை வந்திருந்தால் போட்டியே இல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். முட்டையைப் பழைய இடத்தில், கூர்ப்பக்கம் உள்ளுக்குப் பார்க்க வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் ஐந்தையும் தகரத்தில் வைத்தேன். ஆறாவது குழியை என்ன செய்வதென்று தெரியவில்லை, வேட்டித் துண்டைச் சுருட்டி அதில் வைத்தேன். வெளியேறுகிற வழியில், வாசலோரம் தேநீர் மேசை இருந்தது. பின்னல் சட்டை போட்ட ஒரு கிழவி கேட்காமலே ஒரு கோப்பையை என் கையில் தந்து, கதிரையை இழுத்துப் போட்டாள். மறுக்கத் தெம்பில்லாமல் இருந்துவிட்டேன்.

"நீங்கள்தானே மிஸ்டர் தேவராஜா?" என்றாள், மடியிலிருந்த தகரத்தைக் காட்டி. நடந்தது ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தேநீர் ஊற்றிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். "உங்கள் மனைவி எப்போதும் உங்களைப் பற்றித்தான் கதைப்பாள். ஒவ்வொரு முறையும் இரண்டு நுழைவுச்சீட்டு வாங்குவாள், தெரியுமா? அவருக்குச் சனிக்கிழமையும் வேலை, அலுவலகத்தில் விடுகிறார்கள் இல்லை, விட்டால் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்பாள். மத்தியானம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு இந்தக் கதிரையில்தான் இருப்பாள்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். தேநீர் கோட்டில் ஊற்றுண்டது.

கிழவி கூட்டத்துக்குள் பவளத்தைத் தேடினாள். பிறகு என் பக்கம் குனிந்து, சந்தோஷமாக, ஒரு நல்ல செய்தி கேட்கப்போகிறவள் போலக் கேட்டாள்.

"கடைசியில் உங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை கொடுத்துவிட்டார்களா?"

"ஓம்" என்றேன். அவளுக்கு விளங்காது என்று உறைக்க, ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். "கொடுத்துவிட்டார்கள். இன்றைக்குத்தான் விட்டார்கள்."